பிள்ளையாரைத் தூக்கிக் கொடுத்த கை

அன்றைக்கு அந்தப் பிள்ளையாரை நான் தூக்காமல் இருந்திருந்தால் எங்கள் ஐந்து பேருக்கும் இன்று கடை இருந்திருக்கும். இதை நான் வெளியே சொல்வதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும்.

எங்கள் டவுனில் தியேட்டர் வீதி என்றால் சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் அங்கேதான். படம், பில்லியர்ட்ஸ், கொத்து ரொட்டிச் சத்தம். தியேட்டரின் முன்சுவரை ஒட்டி ஐந்து தகரக் கடைகள். ஒன்றில் நான் இருபது வருஷத்துக்கு மேல் பருப்பு வடை சுட்டேன். சுவரில் ஒரு மாடம், அதில் கையளவு கருங்கல் பிள்ளையார். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலையில் விளக்கேற்றுவது நான்தான்.

தியேட்டர் கூரை ஒழுகி, படமும் நின்றுபோனது. இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டப்போகிறேன் என்றார் முதலாளி. சுவர் இடிக்கிற பெக்கோ மெஷின் வந்தது. அதை ஓட்டிவந்த சிங்களவர் மாடத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். தெய்யோ, அதாவது சாமி, இருக்கிற சுவரைத் தொடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கூலிக்கு வந்தவர்களும் கை வைக்கவில்லை. விளக்கு வைக்கிற கைதான் எடுக்கவேண்டும் என்று என்னைக் காட்டினார்கள்.

பக்கத்துக் கடையில் போன் திருத்துகிற தம்பி காதைக் கடித்தான்.

"அண்ணே, புதுக் கட்டடத்துல நமக்குக் கடை உண்டுன்னு எழுதி வாங்குங்க. அதுவரைக்கும் சாமியத் தொடாதீங்க. முதலாளி நம்ம முன்னுக்கு இப்படி நிக்கிறது இன்னைக்கு ஒரு நாளுதான்."

"சாமிய வச்சுப் பேரம் பேசச் சொல்றியா?"

"பேசாட்டி நாளைக்குக் கூடையத் தூக்கிட்டு பஸ்ஸுக்குப் பஸ் ஏறுவீங்க. நான் பின்னுக்கு வந்து வடைக்குச் சம்பல் வைக்கிறேன்."

முதலாளிக்குக் காதில் விழுந்துவிட்டது. செருப்பைக் கழற்றினார். தட்டில் கற்பூரம் ஏற்றச் சொன்னார். "கட்டி முடிச்சதும் அஞ்சு பேருக்கும் கீழ் மாடியில கடை. இது சத்தியம்" என்று எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

அதற்கு மேல் ஒரு கடுதாசியா? கேட்டால் அவரை அல்ல, சாமியையே நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். தம்பியைத்தான் அதட்டினேன். பிள்ளையாரைப் புதுத் துண்டில் சுற்றித் தோட்டத்து லயத்தில் இருக்கிற என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பின்னேரம் வந்து பார்த்தபோது சுவர் இல்லை.

மூன்று வருஷம் கூடையில் வடை விற்றேன். வீட்டில் மனைவி பிள்ளையாருக்கு விளக்கு வைத்தாள். கட்டடம் எழும்பியது. மேலே சினிமா, பிள்ளைகள் விளையாடும் மெஷின்கள், கண்ணாடிக் கடைகள். திறப்பதற்கு முந்தின வாரம் முதலாளி பழத்தட்டோடு வேனில் வந்தார், பிள்ளையாரை அழைத்துப்போக.

மனைவி வாசலை மறித்து நின்றாள். "கடை எங்கங்க ஐயா?"

"கீழ் மாடி முழுக்க மருமகன் கொழும்புக்காரங்களுக்குக் குடுத்துட்டாரும்மா. எண்ணெய்ச் சட்டியெல்லாம் உள்ளுக்கு வைக்க விடமாட்டாங்க."

"கற்பூரம் அடிச்சீங்களே."

"அந்தத் தோஷம் கழியத்தான் கதிர்காமம் போயி மொட்டை போட்டுட்டு வந்தேன்." குல்லாவைக் கழற்றிக் காட்டினார். முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"கடையக் குடுங்க, சாமியக் கொண்டு போங்க" என்றாள் அவள். நான் உள்ளே போய்ப் பிள்ளையாரைத் தூக்கிவந்து அவர் கையில் கொடுத்தேன். லயத்துக் காம்பராவில் புகை குடித்துக்கொண்டு கிடக்காமல் சாமியாவது நல்ல இடத்தில் இருக்கட்டும் என்று சொன்னேன். உண்மையில், சாமியைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒரு மனுஷனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளையார் இப்போது லிப்டுக்குப் பக்கத்தில் மார்பிள் மேடையில் இருக்கிறார். விளக்கு கரண்டில் எரிகிறது. முதல் வெள்ளிக்கிழமை கும்பிடப் போனேன். வாசல் காவலாளி தடுத்தார். "கூடை உள்ளுக்குக் கொண்டு போக ஏலாது. வெளியே வச்சிட்டுப் போங்க."

வெளியே வைத்தால் காக்கையும் நாயும் விடுமா? அதனால் ரோட்டில் நின்று கண்ணாடி வழியாகக் கும்பிடுகிறேன். முன்பெல்லாம் அவரிடம் கேட்க நிறைய இருக்கும். இப்போது ஒன்றுதான் கேட்கிறேன். முதலாளி கற்பூரம் அடித்தபோது நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? பஸ் வந்ததும் கூடையோடு ஏறிவிடுகிறேன்.