பறவை என்று எழுதிய பக்கம்

அந்தச் சொல்லை நான் ஏன் எழுதிக் கொடுத்தேன்? இத்தனை மாதமாகியும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போயிருக்கலாம்.

என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், பொள்ளாச்சிச் சாலையை ஒட்டிய ஊரில், தமிழ்வழி வகுப்பு. அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் அம்மாவோடு சேர்ந்து ஒரு டயரி எழுத வேண்டும். பிள்ளை தன் மனதில் உள்ளதைப் பென்சிலால் எழுதும். அதற்கு எழுதத் தெரியாத சொல்லை மட்டும் அம்மா இடையில் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை சொல்வதை மாற்றாதீர்கள் என்று முதல் கூட்டத்திலேயே டீச்சர் சொன்னார். நான் சொன்னபடி செய்கிறவள். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆரம்பத்தில் பக்கம் முழுக்க என் நீலப் பேனாதான் தெரிந்தது. சில மாதங்களில் வரிக்கு ஒரு சொல் மட்டும் என்னுடையதாக ஆனது. அதில் எனக்குப் பெருமை.

கணவருக்குப் பட்டாளத்தில் வேலை. வடக்கே ஒரு நிலையத்தில் ரேடார் திரை முன்னால் உட்காருபவர். வானத்தில் எது பறந்தாலும் திரையில் புள்ளியாகத் தெரியும், அது யாருடையது என்று கண்டு சொல்ல வேண்டும். இதற்கு மேல் நான் கேட்டதில்லை. போன முறை லீவில் வந்தபோது அவராகவே சொன்னார். காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் இரண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். மகள் சற்றுத் தள்ளி அவளுடைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியான ஷிப்டில், விமானம் எதுவும் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு புள்ளி வந்ததாம். ரேடியோவில் அழைத்துப் பார்த்தார்கள், பதில் இல்லை. சில நிமிடம் அசையாமல் நின்றது. அப்புறம் எந்த விமானத்துக்கும் இல்லாத வேகத்தில் திரையின் மறுபக்கம் போய் மறுபடியும் நின்றது. கூட இருந்த இருவரும் பார்த்தார்கள். தொலைவிலுள்ள இன்னொரு நிலையத்துக்குப் போன் செய்தால் அவர்கள் திரையிலும் இருந்தது. நேரில் பார்த்துவர ஒரு விமானம் போனது. விமானிக்கு வெறும் வானம்தான் தெரிந்தது. சாயங்காலம் மேலதிகாரி மூன்று பேரையும் கூப்பிட்டு, பறவைக் கூட்டம் என்று பதிவில் எழுதச் சொன்னார். வீட்டில்கூடப் பேச மாட்டேன் என்று இன்னொரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள்.

"பறவ இல்லம்மிணி. பறவ திரையில எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் பறவைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

அது என்னவாக இருக்கும் என்பதைவிட அந்தக் கையெழுத்துதான் அவரை உறுத்தியது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான், "மொச்ச இது போதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் கிளம்பிப் போன மறுநாள் மகள் டயரியோடு வந்தாள். அப்பாவைப் பற்றித்தான் எழுதுவேன் என்றாள். 'அப்பா ஒரு புள்ளி பார்த்தார்' என்று பென்சிலால் எழுதிவிட்டு, "எதுல பாத்தாங்க? அந்தப் பேர எழுதிக் குடும்மா" என்றாள். அன்று எல்லாவற்றையும் அவள் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நான் 'ரேடாரில்' என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு, கேட்டாள் என்று, 'கையெழுத்து' என்றும் எழுதிக் கொடுத்தேன். 'அப்பா பறவை என்று கையெழுத்துப் போட்டார். அது பறவை இல்லை' என்று பக்கம் முடிந்தது. பறவை என்ற சொல்லை அவளே பிழையில்லாமல் எழுதியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை என்று சில நாள் நினைக்கிறேன். யாராவது ஒருவர் படிக்கட்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேனோ என்றும் சில நாள் தோன்றுகிறது.

டீச்சருக்கு அந்தப் பக்கம் பிடித்துப்போனது. வகுப்பில் வாசித்துக் காட்டிவிட்டு, படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒரு அம்மா, "பறக்கும் தட்டுங்களா? நம்ம எல்லையில கோபாலபுரம் செக்போஸ்ட்ல நிறுத்திப் பாக்காமயா உட்டாங்க?" என்று எழுதினார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தாத்தா, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏனுங்கம்மிணி, அங்க பாத்தத ஊட்டுல சொல்றதே தப்புங்க. அவரு சொல்லிட்டாரு, நீங்க எழுதியே போட்டுட்டீங்க. அவருக்கு வேல நெலைக்கோணுமல்லங்க?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. டீச்சரைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். உடனே படத்தை அழித்தார். சின்னப் பிள்ளை எழுதியதை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றும் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வகுப்பே அதைக் கேட்டிருக்கிறதே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை மகளோடு நானும் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர்கிட்டச் சொல்லு கண்ணு. நீயா நெனச்சு எழுதுனதுன்னு சொல்லு" என்றேன்.

"அப்பா சொன்னாங்கல்ல?"

"அப்பா அப்படி ஒண்ணும் சொல்லல."

அவள் டயரியைத் திறந்து, நீல எழுத்தின்மேல் விரலை வைத்தாள். "நீதானம்மா எழுதிக் குடுத்த?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரைப் பார்த்து, "இவ நல்லா கதை உடுவாங்க டீச்சர்" என்று நானும் சிரித்தேன். மகள் நீல எழுத்திலிருந்து விரலை எடுத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நானா நெனச்சு எழுதுனேன் டீச்சர்" என்றாள்.

அது போதாதென்று பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்தப் பக்கத்தின் கீழே 'இது குழந்தையின் கற்பனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அவரிடமாவது மேலதிகாரி கேட்டிருந்தார்.

அதற்குப் பிறகு எந்த விசாரணையும் வரவில்லை. அவர் வேலை அப்படியே இருக்கிறது. வகுப்பில் மகளைப் புளுகுணி என்று கூப்பிடுகிறார்கள். அவள் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. டயரி எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால், "இத எழுதலாமாம்மா?" என்று கேட்கிறாள். மழை பெய்தது என்று எழுதவும் கேட்கிறாள். வீடியோ அழைப்பில் அப்பா என்ன கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. அடுத்த மாதம் லீவில் வருகிறார்.

இடம், காலம் சிலவற்றை மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். இதை எழுதுவதும் இன்னொரு தப்போ என்னவோ.

நீ சொன்னது உண்மைதான் என்று மகளிடம் சொன்னால், அதை யாரிடமும் சொல்லாதே என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வயதில் அவளால் அதைச் சுமக்க முடியுமா? சொல்லாமல் விட்டால், தான் பொய் சொல்கிறவள் என்றே நம்பி வளர்ந்துவிடுவாளோ? முதலில் அவரிடம் சொல்வதா, அவளிடமா? பிள்ளை வளர்த்தவர்கள், வகுப்பெடுப்பவர்கள், பட்டாளத்து வீடுகளில் இருப்பவர்கள் யாராவது எனக்கு யோசனை சொல்லுங்கள். அவர் வருவதற்குள் சொன்னால் நல்லது.