ஆறேகால் அங்குலம்

என் மனைவி நாள் முழுக்க அட்டையின் மேல் நிற்பாள். நாங்கள் இருவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் ஷூவின் மேல்தோலைக் கால் வடிவக் கட்டையில் ஏற்றி இழுக்கும் பிரிவு. அவள் அடுத்த ஹாலில், கடைசிச் செக்கிங். முடிந்து வரும் ஷூவை இரண்டு கையாலும் திருப்பி, விரலால் தடவிக் குறை கண்டுபிடிக்க வேண்டும். நின்றுகொண்டே செய்கிற வேலை. கீழே சிமென்ட் தரை. அங்கே நிற்கும் பெண்கள் ஆளுக்கு ஓர் அட்டையைக் கிழித்துக் காலடியில் போட்டுக்கொள்வார்கள். மத்தியானத்துக்குள் அது அப்பளமாகிவிடும்.

போன வருஷம் அவளுக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். வேலூருக்குப் போய்க் காட்டினோம். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டுச் சொன்னார்: “வெறுந்தரையில நிக்காதீங்கம்மா. மெத்துனு எதுனா போட்டுக்குங்க. அப்பவும் முடியலன்னா உக்காந்து செய்ற வேலை பாருங்க.”

உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் எங்கள் கம்பெனியில் தையல் மெஷின்தான். அவளுக்கு அது வராது. வெளியே வந்ததும், “நிக்க முடியலன்னா நின்னுட வேண்டியதுதான்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஹாலில் அவள் விரலுக்குத் தப்பிய ஷூ கிடையாது. ஒரு தையல் விட்டிருந்தால்கூட கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். அந்த வேலையைச் செய்யும்போது அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார அவளால் ஆகாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பஜாரில் ஒரு கடை வாசலில் கால்மிதிகள் தொங்கின. பழைய துணியைக் கிழித்து ஜடையாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தவை. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் தையல் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. அட, இவ்வளவுதானா! ஆனால் மெல்லியது. ரெண்டே நாளில் இதுவும் அட்டையாகிவிடும். இதையே தடியாக, உள்ளே நூல் அடைத்துச் செய்தால்?

“அண்ணே, வாங்கறியா, படிக்கறியா?” என்றார் கடைக்காரர்.

நான் கடையில் விலை கேட்கவே கூச்சப்படுகிறவன். மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை மூன்றாகப் பிரித்துப் பிடித்துப் பின்னப் பார்த்தேன். வரவில்லை.

“இன்னாங்க, துண்டுக்கு ஜடை போட்றீங்க?” என்றாள்.

“மூணு காலையும் எப்படி மாத்தணும்?”

அவள் தன் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டு, பாதி அவிழ்த்து, மெதுவாகப் பின்னிக் காட்டினாள். “ஓரத்துல இருக்கறது நடுவுல வரணும். அப்புறம் அந்த ஓரம். அவ்ளோதான்.” டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிகொண்டா வருவதற்குள் எனக்குப் பின்னல் வந்துவிட்டது. துண்டின் ஒரு முனையில் சின்ன ஜடை. அதை அவிழ்க்க மனம் வராமல் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். கிழிந்த லுங்கி நாலு, சாயம் போன நைட்டி, நடுவில் தேய்ந்த பெட்ஷீட், ஜன்னல் திரை, அவளுடைய கிளிப்பச்சைப் புடவை ஒன்று. எல்லாவற்றையும் தரையில் குவித்தேன்.

“கட்டியிருக்கறதையாவது விடுங்க” என்றாள்.

நூல் வாங்கியது மெஷின் சாமான் விற்கும் கடையில். எங்கள் கம்பெனியில் மெஷின் எண்ணெயைத் துடைக்க ஒரு நூல் கழிவு வரும். குடியாத்தம் பக்கம் லுங்கித் தறிகளில் மிச்சமாகிற துண்டு நூல் அது. சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் சிக்கிக் கிடக்கும். எத்தனையோ வருஷமாக அதில் எண்ணெய் துடைத்திருக்கிறேன். ஒரு நாளும் அதை நூலாகப் பார்த்ததில்லை. இப்போது ஒரு மூட்டை வாங்கி வந்து பிரித்தபோது திருவிழா மாதிரி இருந்தது. துணியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, நடுவில் நூலை நீளமாக வைத்து, பாய் மாதிரிச் சுருட்டி, அப்படி மூன்றை எடுத்துப் பின்னினால் ஒரு அங்குல அகலத்துக்கு உருண்டையான ஜடை வரும். அதை நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி, கோணி ஊசியால் பக்கத்துக்குப் பக்கம் தைத்துக்கொண்டே போனேன்.

வேலை விட்டு வந்ததும் டீகூடக் குடிக்காமல் மொட்டை மாடிக்கு ஓடுவேன். இன்றைக்கு எந்த நிறம் ஓரத்தில் வரும் என்று காலையிலிருந்தே மனசில் ஓடும். கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் லுங்கியின் நீலக்கட்டம் வந்த அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லாதான் கீது” என்றாள். அது போதாதா? இன்னும் ரெண்டு சுற்று போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து மெஷின்காரர், என் தோஸ்த், வீட்டுக்கு வந்தார். தைத்து முடித்த விரிப்பை மாடியில் வைத்திருந்தேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னா தோஸ்த், பிரியாணி தேக்சா செஞ்சிருக்கே?”

அப்போதுதான் நானும் தள்ளி நின்று பார்த்தேன். ஓரமெல்லாம் மேலே எழும்பி, நடு குழிந்து, நன்றாகப் பெரிய ஒரு கிண்ணம். தைக்கிற ஆசையில் பக்கத்திலேயே குனிந்திருந்த எனக்கு அது தெரியவே இல்லை.

“மூடி ஒண்ணு பின்னிக்கோ. தம் போட்றலாம்” என்றார். பிறகு குனிந்து கீழே பார்ப்பது போல நடித்தார். “ஆமா, கட்டைய எங்க? உருவிட்டியா?”

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது எனக்கு அப்போது ஏறவில்லை. எனக்கு வேறு ஒரு யோசனை வந்திருந்தது. ஷூ கம்பெனிக்கு வருமுன் நான் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவன். அங்கே ஈரத்தோலைப் பலகையில் இழுத்து, சுற்றிலும் ஆணி அடித்து வெயிலில் வைப்போம். எவ்வளவு சுருண்ட தோலும் காய்ந்ததும் பலகை மாதிரி ஆகிவிடும். தோலுக்கு ஆகிறது துணிக்கு ஆகாதா?

விரிப்பைத் தண்ணீரில் முக்கி எடுத்து, பழைய கதவு ஒன்றின் மேல் இழுத்து, நாற்பது ஆணி அடித்தேன். நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? சாயங்காலம் ஆணியைப் பிடுங்கினால், ஆகா! தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. கூப்பிடவில்லை, அவ்வளவு தைரியம் ஏது?

மறுநாள் அவள் அதைப் பையில் வைத்துக் கொண்டுபோனாள். சாயங்காலம் கேட்டில் பார்த்ததும், “இன்னைக்கு வலி கம்மிங்க. மெத்து மெத்துனு இருந்திச்சு” என்றாள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள் வரைதான் அந்தச் சந்தோஷம். அவள் மிதிக்க மிதிக்க ஆணி அடித்த இழுப்பெல்லாம் விட்டுப்போய் ஓரம் மறுபடி எழும்பியிருக்கிறது. ஷூ அடுக்கிய தள்ளுவண்டியின் சக்கரம் அதில் மாட்டி, நாலு ஜோடி கீழே கொட்டிவிட்டது. அந்த ஹாலின் சூப்பர்வைசர் அம்மா வந்தார். அவர் சொன்னதை என் மனைவி வீட்டில் அப்படியே நடித்துக் காட்டினாள்.

“அக்கா, இன்னாக்கா இது, ஆளக் கவுத்து விட்ரும் போலக்குது? தரையில எது கெடந்தாலும் முனை தூக்கக் கூடாது. இன்னைக்கு விட்டுட்டேன். இன்னொரு தபா தூக்குச்சு, அள்ளி வெளிய போட்ருவேன். அப்புறம் அட்டையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எல்லாரும் வெறுந்தரைதான்.”

நடித்து முடித்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். “வேணாங்க. பேஜாரு. என்னால மத்தவங்க அட்டையும் போய்டும். இந்த மாசத்தோட நின்னுட்றேன்.”

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வேலையில் குறடால் மேல்தோலின் ஓரத்தைக் கவ்வி, கட்டையின் அடிக்கு இழுத்தேன். தட்டையான தோல் விளிம்பு மடங்கி, குழிந்து, ஷூவாக எழுந்தது. கையை அப்படியே நிறுத்திவிட்டேன். கட்டைய எங்க, உருவிட்டியா! தோஸ்த் விளையாட்டாகச் சொன்னதுதான் விஷயம். இருபது வருஷமாக இழுத்து இழுத்துப் பழகிய கை. விரிப்பைத் தைக்கும்போதும் ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பிடித்தே தைத்திருக்கிறேன். நான் கால்மிதி செய்யவே இல்லை. பெரிய ஷூ ஒன்று செய்திருக்கிறேன்!

“இன்னா தோஸ்த், தூங்கிட்டியா?” என்றார் பக்கத்தில்.

“கட்டை கெடச்சிடுச்சு பாய்!” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று சாயங்காலமே முழு விரிப்பையும் பிரித்தேன். தைக்காமல், இழுக்காமல், ஜடையைத் தரையில் சும்மா சுற்றி வைத்தேன். நடுவிலிருந்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு சுற்றும் கோட்டைத் தொடும் இடத்தில் அடையாளம் வைத்து, நீளத்தை டேப்பால் அளந்தேன். நான் படித்தது அஞ்சாவது வரை. ஆனால் கூட்டல் கழித்தல் தப்பாது. அளந்து எழுதிப் பார்த்தால் அதிசயமாக இருந்தது. சின்னச் சுற்றோ பெரிய சுற்றோ, முந்தின சுற்றைவிட அடுத்த சுற்று ஆறு அங்குலமும் கொஞ்சமும்தான் கூடுகிறது. எல்லாச் சுற்றுக்கும் அதே கணக்கு! பெரிய சுற்றுக்கு ஜாஸ்தி கூடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முன்பு நான் இழுத்துத் தைத்ததில் ஜடையில் பதிந்திருந்த ஊசித் தடங்களை அளந்தால் அஞ்சுகூட இல்லை. சுற்றுக்கு நீளம் போதாமல்தான் ஓரம் மேலே எழும்பியிருக்கிறது.

“இந்தா, இங்க வா!” என்று கத்தினேன். நான் கத்தியதைக் கேட்டு அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் பத்தாவது பாஸ். தாளைப் பார்த்தாள்.

“இது பைங்க.”

“எந்தப் பை?”

“ஐயோ, கணக்குல வர்ற பை. வட்டத்துக்கு.”

“பையில இன்னா இருக்கு?”

“இருபத்திரெண்டு பை ஏழு.”

“ஒரு பைக்குள்ள இன்னொரு பையா?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “யோவ், அந்தப் பை வேற, இந்தப் பை வேற. வகுக்கறதுய்யா!” பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை வாங்கினாள். “ஜடை ஒரு இஞ்ச் அகலம். ரெண்டு பக்கமும் சேத்து வட்டம் ரெண்டு இஞ்ச் பெருசாகுது. ரெண்ட பையால பெருக்கு.” எழுதினாள். கோடு போட்டாள். “ஆறேகால்.”

என் தாளில் இருந்ததும் அதுதான். என் டேப்பும் அவள் பத்தாவது கணக்கும் ஒன்றையே சொல்லின! அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அதற்குப் பிறகு தைத்ததெல்லாம் அந்த ஆறேகாலை வைத்துத்தான். ஒரு சுற்றை ஆரம்பிக்குமுன் அது எங்கே முடிய வேண்டும் என்று ஜடையில் சாக்பீஸால் குறி வைப்பேன். தைத்து வரும்போது குறி கோட்டைத் தாண்டிப் போனால் நான் இழுத்துவிட்டேன் என்று அர்த்தம். உடனே பிரிப்பேன். முதல் ரெண்டு நாள் தைத்ததைவிடப் பிரித்ததுதான் ஜாஸ்தி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “இழுக்கறீங்க. இழுக்கறீங்க. கையை விடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எட்டாம் நாள் முடிந்தது. தரையில் போட்டால் தரையோடு தரையாகக் கிடந்தது. ஆணி இல்லை, தண்ணீர் இல்லை. தோய்த்துக் காயவைத்தும் பார்த்தேன். எழும்பவில்லை.

திங்கட்கிழமை கொண்டுபோனாள். எனக்கு வேலை ஓடவில்லை. பத்து மணி டீ பெல் அடித்ததும் ரெண்டு ஹாலுக்கும் நடுவே தொங்குகிற பிளாஸ்டிக் பட்டைத் திரைக்கு ஓடினேன். அந்த ஹால் முழுக்கப் பெண்கள். இத்தனை வருஷத்தில் நான் அந்தத் திரையைத் தாண்டியதில்லை. பட்டையை விலக்கி எட்டிப் பார்த்தேன்.

அவள் விரிப்பின் மேல் நின்றுகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அம்மா நேராக அவளிடம் வந்தார். செருப்பு நுனியை ஓரத்தில் கொடுத்துத் தூக்கப் பார்த்தார். நுனி உள்ளே போகவில்லை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. பிறகு தள்ளுவண்டியைத் தானே பிடித்து அதன் மேல் ஓட்டினார். சக்கரம் ஏறி, இறங்கி, போய்விட்டது. ஒரு ஷூகூட ஆடவில்லை.

“அன்னைக்கு மாதிரி இல்லையேக்கா. இன்னா செஞ்சீங்க?” என்று கேட்டார்.

என் மனைவி வாயைத் திறக்குமுன், எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது, திரைக்குள்ளே கால் வைத்து, “பை போட்ருக்கேன் மேடம்!” என்று கத்திவிட்டேன்.

ஹால் முழுக்கத் திரும்பியது. சூப்பர்வைசர் அம்மா என்னையும் விரிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “எந்தப் பைண்ணா? அடியில வெச்சிருக்கீங்களா?”

“இருபத்திரெண்டு பை ஏழு மேடம்!” என்றாள் என் மனைவி. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சூப்பர்வைசர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இன்னாவோ போட்டுக்குங்க. முனை தூக்கல, கெடக்கட்டும்” என்றார். போகிற போக்கில் ஒரு நொடி விரிப்பின் மேல் ஏறி நின்று குதிகாலை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். நான் திரும்பி ஓடி வந்துவிட்டேன். காது இரண்டும் கொதித்தது.

அன்று சாயங்காலம் கேட்டில் வரிசையாகப் பைகளைப் பார்த்து அனுப்பினார்கள். காலையில் புடைத்துக்கொண்டு போன அவள் பை இப்போது தொளதொளவென்று தொங்கியது. உள்ளே டிபன் டப்பா மட்டும்தான். விரிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.