சாமத்திய வீட்டு செட்டிங்கில் ஒரு பங்க் கச்சேரி

பாட்டின் நடுவே பேஸ் கிட்டார்க்காரர் வாசிப்பதை நிறுத்தினால், சவுண்ட்காரன் முதலில் வயரைப் பார்க்க வேண்டும். டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் அன்று பின்னேரம் நானும் வயரைத்தான் பார்த்தேன். வயரில் ஒரு பிழையும் இல்லை. மனிதர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாடகரையே முறைத்தபடி நின்றார்.

1. சூத்தைப் பல்

அந்த பிரேசில் பங்க் ரொக் பாண்டின் பெயரைத் தமிழில் சொன்னால் சூத்தைப் பல் என்று வரும். மூன்று பேர். சாவோ பாவுலோவின் புறநகரில் ஒரு கராஜுக்குள், பள்ளிக்கூடத்துக்கு ஒளித்து, தொடங்கியவர்கள். பேடோ பாடுவார், கிட்டாரும் அடிப்பார். ஊரில் பஸ் ஓட்டுவது பிழைப்பு. பேஸ் கிட்டார் மார்சியோ, அவருடைய சின்ன வயதுக் கூட்டாளி. ட்ரம்ஸ் லுசியா; வான் ஓட்டுவதும் மற்ற இருவரையும் மேய்ப்பதும் அவர்தான். கோடைக்குக் கோடை டென்மார்க் வருவார்கள். சவுண்ட் என்னுடையது. இத்தனை வருடத்தில் எத்தனையோ ரெக்கோர்ட் போட்டுவிட்டார்கள், ஒன்றிலும் ஒரு சொல் விளங்காது. அவர்களுக்கு அது பெருமை. குரல் இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்க வேண்டும் என்பார்கள்.

அந்த முறை ஸ்பீக்கர் இறக்கும்போதே லுசியா சொன்னார். மார்சியோவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, இந்தப் பயணத்தோடு விலகுகிறார், அவர் போனால் பாண்ட் இல்லை. பேடோ அதைப் பற்றி வாயே திறப்பதில்லையாம். வானுக்குள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். எனக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது. வருடம் முழுக்கக் கலியாண வீட்டில் மைக் பிடிப்பவனுக்கு வருகிற ஒரே சந்தோஷம் இந்தச் சூத்தைப் பல்தான்.

2. தாய்மாமன் பெயர்

முதல் நாள் விபோர்க்கில் தமிழ்ச் சனத்தின் சாமத்திய வீடு ஒன்று, பிள்ளை பெரியவளான விழா. எங்கள் விழாக்களில் சவுண்டுக்கு ஒரே சட்டம்தான். பிள்ளையின் தகப்பன் அதை எனக்கு மறுபடியும் சொல்லித் தந்தார்.

"தம்பி, பாட்டுக் கேக்காட்டிப் பறவாயில்லை. மாமான்ர பேர் கடைசிக் கதிரை வரைக்கும் கேக்கோணும். இல்லாட்டி அந்தாள் சாப்பிடாமப் போயிடும்."

அதற்கென்றே என் மிக்சரில் ஒரு செட்டிங் சேமித்து வைத்திருக்கிறேன். முதலாவது மைக் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். மேடையில் இருப்பவர்களுக்காக வைக்கிற மொனிட்டர் ஸ்பீக்கர்களிலும் அதுதான் முழங்கும்.

மறுநாள் ஸ்கீவவில் சவுண்ட் செக் முடித்து, பங்க் செட்டிங்கையும் சேமித்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன். வந்து அவசரத்தில் தட்டியது சாமத்திய வீட்டை.

3. ஒரு மைக்

கிட்டார் வீணை மாதிரி அடங்கிப் போய்விட்டது. முதலாவது மைக்கில் நின்ற பேடோவின் குரல் மட்டும் கோயில் திருவிழா அறிவிப்பாகக் கணீரென்று வந்தது. லைட் போடும் ஜெயந்தன் அண்ணை பாய்ந்து வந்தார்.

"டேய், என்னடா செய்து வைச்சிருக்கிறாய்? சனம் பேயறைஞ்ச மாதிரி நிக்குது!"

"பொறுங்கோ அண்ணை, மாத்திறன்."

அப்போதுதான் மார்சியோ வாசிப்பதை நிறுத்தினார். நான் குரலைக் குறைக்க ஃபேடரை இறக்கப் போக, லுசியா ட்ரம்ஸ் குச்சியை ஆட்டித் தொடாதே என்று காட்டினார். பேடோவோ கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தார்.

அவர் கத்தியது பாட்டே இல்லை என்று பிறகுதான் லுசியா சொன்னார். பயணம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு மேடையிலும், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், இதைத்தான் கத்தியிருக்கிறார்: "மார்சியோ, எருமை, போகாதே. நீ போனால் எனக்கு பஸ் மட்டும்தான் மிச்சம். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா. நான் பார்க்கிறேன்."

மார்சியோ விறுவிறென்று பேடோவை நோக்கி நடந்தார். அடிபிடி வந்தால் லைட்டை நூர்ப்பது எங்கள் மண்டபப் பழக்கம். ஜெயந்தன் அண்ணை ஓடிப்போய் நூர்த்துவிட்டார், மண்டபம் இருண்டது. திரும்பப் போட்டபோது இருவரும் ஒரே மைக்கில் நின்றார்கள். பேடோவின் முகமெல்லாம் ஈரம். மார்சியோ ஒன்று சொன்னார், மண்டபம் முழுக்கக் கேட்டது. லுசியா அதையும் மொழிபெயர்த்துத் தந்தார்: "பிள்ளை இரவில் நித்திரை கொள்ளாது. எழும்பிப் பார்ப்பது நீதான்."

அடுத்த கோடைக்குப் பிள்ளையோடுதான் வந்தார்கள். பேடோவின் கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேடையில் நிற்பவர்களுக்கு ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். சனத்தைப் பிறகு பார்க்கலாம், அது எப்படியும் பியர் குடிக்கத்தான் வந்தது.