அலமாரியைப் பார்த்து எழுதிய நாள்

அன்று ஆஸ்டின் டவுனிலிருந்து ஆபீஸுக்கு நடந்தே போய்விட்டேன். பஸ்ஸுக்காக நிற்கப் பொறுமையில்லை. கப்பன் பார்க்குக்கு எதிரே புதிதாக எழும்பியிருந்த கல் கட்டடத்தில் சட்டமன்றக் குழு ஒன்றின் கூட்டம். வழக்கமாகக் குறிப்பெடுப்பவருக்கு அம்மை போட்டிருந்தது. அவருக்குப் பதிலாக என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சுருக்கெழுத்து படித்து வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுதியதெல்லாம் உடைந்த நாற்காலி பற்றியும் தோட்டக்காரரின் லீவு பற்றியும்தான். சட்டம் செய்கிறவர்கள் பேசுவதை எழுதப்போகிறேன் என்றதும் தலைகால் புரியவில்லை. நாலு பென்சிலை இரண்டு முனையிலும் சீவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பெண்களை மானபங்கம் செய்யும் குற்றங்களுக்கான சட்டத்தில் என்ன மாற்றம் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதித் தருவதுதான் அந்தக் குழுவின் வேலை. குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரும் ஆண்கள். முந்தைய இரண்டு கூட்டங்களின் குறிப்பை நான் முதல் நாளே படித்துவிட்டிருந்தேன். ஒருவர் குற்றவாளிக்குச் சவுக்கடி வேண்டும் என்றார். இன்னொருவர் பெண்கள் செகண்ட் ஷோ சினிமாவுக்குப் போகாதிருந்தாலே போதும் என்றார். மூன்றாமவர் எல்லார் சொன்னதையும் ஆமோதித்தார். நான்காமவர் வக்கீல். எதைக் கேட்டாலும் அது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது என்பார். ஐந்தாமவர் தலைவர், மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகை கட்டிய கிராமத்துப் பெரியவர். நாற்பது பக்கக் குறிப்பில் குற்றத்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. 'மேற்படி செயல்', 'அந்த மாதிரி விஷயம்' என்றே ஓடியது. பெயரையே சொல்லக் கூசுகிறவர்கள் அதற்கு என்ன சட்டம் எழுதிக் கிழிக்கப்போகிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

அன்றைக்குச் சாட்சி சொல்ல ஒரு பெண் வந்திருந்தாள். மர்பி டவுன்காரி, பஞ்சு மில்லில் வேலை, முப்பது வயதிருக்கும். மில் சங்கத்தார் குழுவுக்குக் கடிதம் எழுதி அவளை அனுப்பியிருந்தார்கள். தமிழ் தவிர வேறு தெரியாது. அறைக்குள் வந்து உட்காராமல் நின்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் விளிம்பில் உட்கார்ந்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அம்மா, நீவு ஸ்வல்ப ஹொரகடே..." என்று வாசலைக் காட்டினார். அந்த மாதிரி விஷயம் பேசும்போது பெண் ஊழியர்களை வெளியே அனுப்புவது அங்கே மரியாதை. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி சட்டத்திலும் பெண்களுக்குத் தனிப் பந்தி போலிருக்கிறது!

"நான் போனா யார் சார் எழுதறது? இவங்க தமிழை உங்களுக்கு யார் கன்னடத்துல சொல்றது?" என்றேன்.

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீலுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் இதையெல்லாம் தன் வாயால் மொழிபெயர்க்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். ஐந்து நிமிடம் குசுகுசுவென்று பேசிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் இருக்கலாம். ஆனால் என் நாற்காலியை மூலையிலிருந்த அலமாரியைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். என் முகம் தெரியாவிட்டால் அவர்களுக்குக் கூச்சமில்லையாம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு திருப்பினேன். அலமாரிக் கண்ணாடியில் அறை முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"பாகிலு ஹாகப்பா" என்றார் தலைவர். வயதான பியூன் கதவைச் சாத்தப் போனார். அவரையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். சவுக்கடிக்காரர் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தார். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் கவனித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அவள் பேசத் தொடங்கினாள். "என் தங்கச்சிய எங்க மில்லு மேஸ்திரி கெடுத்துட்டான் சார். கேஸு நடக்குது. அவ கூண்டுல ஏறினா, ஹால் பூரா ஆம்பிளைங்க. கேஸுக்குச் சம்பந்தமே இல்லாதவங்க. ஜன்னல்ல வேற தொத்திக்கிட்டு நிக்கறாங்க. ஒருத்தன் கடலை தின்னுக்கிட்டே பாக்கறான். மேஸ்திரியோட வக்கீல், சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கணும்ங்கறாரு. அவ வாயே தெறக்கல. இன்னும் பன்னெண்டு நாள் வாய்தா குடுத்திருக்காங்க. அன்னிக்கும் பேசலைன்னா கேஸு நிக்காதாம். அவன் மறுபடி அதே மில்லுல அவ முன்னாடி வந்து நிப்பான். கோர்ட்டுக் கதவைச் சாத்தச் சொல்லுங்க சார். அது ஒண்ணைக் கேக்கத்தான் வந்தேன்."

அலமாரியைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னேன்.

வக்கீல் தமிழிலேயே பதில் சொன்னார். "அதுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கும்மா. மாஜிஸ்ட்ரேட் விரும்பினா கூட்டத்தை வெளிய அனுப்பலாம்."

"அவரு விரும்பலையே சார்."

"கோர்ட்டுன்னா தெறந்துதாம்மா இருக்கணும். மூடின ரூம்ல குடுக்கற தீர்ப்பை ஜனங்க எப்படி நம்புவாங்க?"

நியாயமான கேள்விதான். இன்றைக்கும் அது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். ஆனால் அப்போது, போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சார், நான் வரும்போது இந்தக் கதவு தெறந்துதான் இருந்துச்சு. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள சாத்திட்டீங்க. பியூன் தாத்தாவை வெளிய அனுப்பினீங்க. ஜன்னலைச் சாத்தினீங்க. இந்தம்மாவ மூலைல திருப்பி உக்கார வெச்சிட்டீங்க. காதால கேக்கப்போற உங்களுக்கே இவ்வளவு வேண்டியிருக்கு. வாயால சொல்லப்போறவளுக்கு வேணாமா?"

இதை அலமாரிக்கு மொழிபெயர்க்க என்னால் முடியாது. எழுந்தேன். நாற்காலியை ஒரே திருப்பாகத் திருப்பி, ஐந்து பேரின் முகத்தையும் பார்த்து, ஒரு சொல் விடாமல் கன்னடத்தில் சொன்னேன். சட்டத்தைத் திருத்துவது நானே என்பதுபோல அப்படியொரு வேகம்! சவுக்கடிக்காரர் தான் சாத்திய ஜன்னலைப் பார்த்தார். தலைவர் பேட்டாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு என்னிடம், எழுதிக்கொள்ளம்மா என்றார். இத்தகைய வழக்குகளில் கூட்டத்தை வெளியேற்றுவது மாஜிஸ்ட்ரேட்டின் விருப்பமாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும். எந்த வழக்குகளில் என்று நான் கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். அவர் தயங்கி, முதன்முறையாக அந்தக் குற்றத்தின் பெயரைச் சொன்னார். நான் அதைச் சுருக்காமல் முழு எழுத்தில் எழுதினேன்.

படியில் அவளுடன் ஓடாத குறையாக இறங்கினேன். "ஜெயிச்சிட்டோம்க்கா!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க காகிதம் எப்பம்மா சட்டமாகும்?"

"ஆயிடும்க்கா. ஆறு மாசம், ஒரு வருஷம்..."

"என் தங்கச்சிக்குப் பன்னெண்டு நாள்தாம்மா இருக்கு" என்றாள். என் உற்சாகமெல்லாம் அந்தப் படியிலேயே வடிந்தது. அந்தப் பரிந்துரை அறிக்கையில் ஏறியது, அறிக்கை மேஜைக்கு மேஜை போனது. சட்டம் அப்படி மாறியபோது எனக்குத் தலை நரைத்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் லீவு போட்டுவிட்டு கன்டோன்மென்ட் கோர்ட்டுக்குப் போனேன். ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஊர் ஆண்களுக்கு வேறு ஜோலியே இல்லை போலும். அக்கா சுவரோரமாகத் தங்கையின் தோளைப் பிடித்தபடி நின்றாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கறுப்புக் கோட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். நம் வக்கீல் உறுப்பினரேதான்! யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அரசாங்க வக்கீலின் காதில் ஏதோ சொன்னார், அவர் தலையாட்டினார். இவர் எழுந்து நின்று மாஜிஸ்ட்ரேட்டிடம் ஆங்கிலத்தில் பேசினார். தாம் இத்தனை வருஷமும் திறந்த கோர்ட்டுக்காகவே வாதாடியவர் என்றும், ஆனால் இந்த வழக்கைப் பற்றி ஒரு வாக்கியம் கேட்பதற்கே தமக்குச் சாத்திய கதவு தேவைப்பட்டது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் காது சிவந்துவிட்டது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாஜிஸ்ட்ரேட் பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு சம்பந்தமில்லாதவர்களை வெளியே போகச் சொன்னார். பாதி சினிமாவில் எழுப்பிவிட்ட மாதிரி முணுமுணுத்துக்கொண்டு ஆண்கள் எல்லாரும் வெளியேறினார்கள். சம்பந்தமில்லாதவர்களில் நானும் ஒருத்திதான். கதவு சாத்தப்பட்டது. வராந்தாவில் ஒரு மணி நேரத்துக்குமேல் நடந்துகொண்டே இருந்தேன்.

அக்காதான் முதலில் வெளியே வந்தாள். நான் ஓடினேன்.

"பேசினாளா?"

"பேசினாம்மா."

"எல்லாத்தையும்?"

"மேஸ்திரியோட வக்கீல் நடுவுல எழுந்து, போதும்மா, ஒக்காருன்னாரு" என்றாள். "நான் இன்னும் முடிக்கலைன்னுட்டா."