பெண் பார்க்கும் நாளில் ஒரு டூம் ஆல்பம்

கிட்டாரின் கம்பிகளைத் தளர்த்தித் தளர்த்தி, அது வயிற்றுவலி கண்ட எருமை மாதிரி உறுமும் நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு அதை மிக மெதுவாக வாசிக்கிற ஒரு இசை உலகத்தில் இருக்கிறது. டூம் என்பார்கள். அதற்குக் கொஞ்சம் கஞ்சாப் புகை காட்டினால் ஸ்டோனர். புகை தலைக்கேறி, எந்தப் பாட்டு என்று வாசிக்கிறவனுக்கே மறந்துபோனால் சைக்கடெலிக். இதையெல்லாம் கேட்கிற ஆள் எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒருவன்தான் அகப்படுவான். ஐம்பதைத் தாண்டியவன், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன், தொந்திக்காரன், ஆஸ்துமாக்காரன். கஞ்சாவை நான் பார்த்தது பொலிஸ் பிடித்த செய்திகளில் மட்டும். என் போதை இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ.

இந்த இசை பிடிக்கும் என்பதால் இதைச் செய்கிறவர்களையும் எனக்குப் பிடிக்கும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாராவாரம் புது ஆல்பங்கள் வருகின்றன. பெரிய கம்பனி எதுவும் சீந்தாத கூட்டம். வீட்டு நிலவறையில் பதிவு செய்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். அட்டையில் ஆட்டுத் தலை இருக்கும். அது இல்லாவிட்டால் நிலாவைப் பார்த்துக் கை தூக்கும் சூனியக்காரி. உள்ளே நாலு தாடிக்காரர்கள் காட்டில் நின்று முறைப்பார்கள். தாடிக்குக் கொடுத்த கவனிப்பில் கால்வாசியைப் பாட்டுக்குக் கொடுத்திருக்கலாம். மேடையில் மெஷின் வைத்து மூடுபனி விடுகிறார்கள். எங்களுக்கு அது சமையலறை ஜன்னல் வழியாக ஓசியில் வந்து, காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டையை மறுநாளும் ஈரமாகவே வைத்திருக்கிறது. அதில் நான் இதுவரை எந்த மர்மத்தையும் கண்டதில்லை.

விமர்சகர்கள் இன்னொரு ரகம். ‘மலையைப் போலக் கனமான இசை’ என்று எழுதாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு மலையின் கனத்தைப் பற்றி என்ன தெரியும்? கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து ஒரு தடவை மலை ஏறிவிட்டு வந்து எழுதட்டும். நானும் ஏறியதில்லைதான். என் அம்மா ஏறினார். மற்றவர்களைக் கேலி செய்ய அந்தத் தகுதி போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நானும் அந்த விமர்சகர் கூட்டத்தில் ஒருவன். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் புனைபெயரில் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். என்னைத் திட்ட வருகிறவர்கள், நான் ஏதோ பனிக்கோட்டையில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். எழுதும்போது நான் இடுப்பில் கட்டியிருப்பது சாரம், மேலே மனைவியின் ஸ்வெட்டர்.

நான் சொல்லப்போகிற வருடம் வந்த ஆல்பங்கள் பெரும்பாலும் குப்பை. ஒரு குழு பாலைவனத்துக்கே போய்ப் பதிவு செய்திருந்தது. காற்று நன்றாகக் கேட்டது, பாட்டு கேட்கவில்லை. இன்னொன்று விண்வெளிப் பயணத்தைப் பற்றிய நீளமான ஆல்பம். எங்கள் வீட்டுப் பழைய பிரிட்ஜ் ராத்திரியில் அதே சத்தத்தைத்தான் போடுகிறது, அதற்கு யாரும் நட்சத்திரம் கொடுப்பதில்லை. மூன்றாவது, தத்துவம் பேசியது. அதைப் பற்றி நான் எழுதியதை வாசித்துவிட்டு அந்தக் குழுவின் டிரம்மர் எனக்கு நேரடியாகக் கடிதம் போட்டார். வாசிப்பதைவிட அவர் நன்றாக எழுதினார்.

ஒன்றே ஒன்றுதான் என்னை உட்கார வைத்தது. வடக்கே ஏதோ குளிர் நாட்டிலிருந்து இரண்டு பெண்களும் ஒரு ஆணும். ஆட்டுத் தலை இல்லை, புகை இல்லை. முதல் பாட்டில் நெடுநேரம் டிரம் மட்டும். ஒரு அடி விழும். அடுத்த அடி வருமா வராதா என்று நாம் பயப்படும்வரை சும்மா இருப்பார்கள். பிறகு விழும். கீழே ஒற்றைத் தந்தி முனகும். பாட்டின் கடைசியில்தான் ஒரு குரல் வரும், அதுவும் யாரையோ எழுப்ப மனமில்லாமல் கூப்பிடுகிற மாதிரி. ஏளனம் செய்ய எங்கே இடம் என்று தேடித் தேடிக் கேட்டேன். கிடைக்கவில்லை. எனக்கு அது அவமானமாகவே இருந்தது.

அந்த ஆல்பத்தை நான் முழுசாக வாங்கி போனில் ஏற்றிய வாரத்தில்தான் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மகளுக்குப் பதுளையில் இரத்தம் பரிசோதிக்கும் இடமொன்றில் வேலை. பக்கத்து மருந்துக்கடையில் வேலை செய்கிற பூனாகலைப் பையனை அவளே பார்த்து, அவளே முடிவு செய்துவிட்டாள். பையனின் அம்மாவுக்குச் சம்மதம். இடைஞ்சல், பையனின் தாய்மாமன். தன் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு பெண்ணை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். பையன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு தடவை வந்து பார்ப்பதற்கு மட்டும் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

‘‘அப்பா, அந்த மாமாவுக்கு ஒரு சாக்கு கெடைச்சா போதும், அப்பிடியே எந்திரிச்சு போயிருவாரு,’’ என்றாள் மகள், முந்தின நாள். ‘‘நீங்க ஒன்னும் காமெடி பண்ணாதீங்க. வாங்கன்னு சொல்லுங்க, சிரிங்க, அதோட நிறுத்திக்கிருங்க.’’

‘‘சிரிக்கலாமா?’’

‘‘பல்லு தெரியாம.’’

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மனைவி என்னை வீட்டைவிட்டு வெளியேற்றினாள். ‘‘வடை சுடுற எடத்துல நிக்காதீங்க. அவங்க வர்ற நேரத்துக்கு வந்தா போதும்.’’ போக இடம் கோயில்தான். தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயங்களுக்கு மேலே மேட்டில், திருவிழாவுக்காக ஸ்பீக்கர் செட் கட்டிக்கொண்டிருந்தான் என்னோடு படித்த கூட்டாளி. குழாய் ஸ்பீக்கர்களை மரத்தில் ஏற்றியாகிவிட்டது. கீழே புதிதாக வாங்கிய பேஸ் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு அலுமாரி உயரம்.

‘‘மச்சான், பொட்டி எப்பிடி இருக்குன்னு பாக்கணும். அடி கனமா விழுற மாதிரி ஏதாச்சும் இருக்கா ஒங்கிட்ட?’’ என்றான்.

இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று நான் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தேன். போனைக் கொடுத்தேன்.

முதல் அடி விழுந்தது. எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பனி மூடியிருந்ததால் சத்தம் எங்கேயும் போகாமல் பள்ளத்துக்குள்ளேயே நின்றது. அடுத்த அடி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டாளி பெட்டியின் மேல் கையை வைத்து, ‘‘மச்சான், கை நடுங்குது,’’ என்றான். அந்தத் தாடிக்காரர்கள் யாருக்கும் கிடைக்காத ஸ்பீக்கர் எனக்குக் கிடைத்திருந்தது: ஒரு முழு மலை.

தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் தெரிய வேண்டிய ஒன்று அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. எங்கள் பக்கம் சாவுச் செய்தியை யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தேவையில்லை. தப்புமேளம் சொல்லிவிடும். சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. விட்டு விட்டு விழுகிற கனமான அடியைக் கேட்டால், சமைக்கிறவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். யார் என்று மட்டும்தான் கேட்பாள்.

அன்றைக்கு யார் என்பதிலும் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கீழ் லயத்தில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். சனம் அங்கே போனது. முன்னால் போன பெண்கள் அழ ஆரம்பித்தே போயிருக்கிறார்கள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாராம்.

‘‘எனக்காடி அடிக்கிறானுங்க?’’ என்று கேட்டிருக்கிறார். ‘‘திங்கவாச்சும் விடச் சொல்லு.’’

இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. நான் கண்ணைத் திறந்தபோது என் மகள் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். வந்த வேகத்திலேயே பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். மலை சட்டென்று ஊமையானது.

‘‘வேன் திரும்பிப் போயிருச்சுப்பா,’’ என்றாள். ‘‘ரோடு வளையுற முடக்கு வரைக்கும் வந்துட்டாங்க. சாவு விழுந்த எடத்துக்கு நல்ல காரியத்துக்கு வரக்கூடாதுன்னு மாமா வேனைத் திருப்பச் சொல்லிட்டாராம். இவரு போன்ல கேக்குறாரு, யாரு தவறிட்டாங்கன்னு. நான் என்னான்னு சொல்ல?’’

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கூட்டாளியின் ஆட்டோவில் மூவரும் ஏறினோம். மடுல்சீமை ரோட்டை நான் திட்டாத நாள் இல்லை. அன்றைக்கு மட்டும் அதன் ஒவ்வொரு குழியையும் வாழ்த்தினேன். வேன் எங்கே வேகமாகப் போவது? டீக்கடை இருக்கிற முடக்கில் பிடித்துவிட்டோம். கடைக்காரர், போன உயிருக்கு மரியாதையாகப் பாதிக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்.

தாய்மாமன் முன் சீட்டிலிருந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, முகத்தில் துக்கம். ஆனால் அந்தத் துக்கத்துக்குள் ஒரு திருப்தி இருந்தது.

‘‘மன்னிச்சிருங்க சார். இன்னிக்கு ஒங்களுக்கு சரியில்ல போல. யாரு போனது?’’

‘‘யாரும் போகலைங்க.’’

‘‘அப்ப அந்த அடி?’’

‘‘அது பாட்டுங்க.’’

காலையிலேயே குடித்துவிட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ‘‘பாட்டுன்னா யாராச்சும் பாடணுமே சார்.’’

‘‘கடைசியில பாடுவாங்க. நீங்க அதுக்குள்ள வேனைத் திருப்பிட்டீங்க.’’

மகள் என் காலை மிதித்தாள். வேனுக்குள் பையன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

வேறு வழியில்லை. போனை எடுத்து வேன் ஜன்னலில் வைத்துப் போட்டுக் காட்டினேன். கணக்கு வாத்தியார், மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு நடுரோட்டில் டூம் போட்டுக் காட்டுகிறார். எனக்கு என்னைப் பற்றி ஏற்கெனவே பெரிய மரியாதை கிடையாது. மிச்சமிருந்ததும் அந்த முடக்கில் இறங்கிப் போனது. தாய்மாமன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். அடி விழுந்தது. காத்திருந்தார். காத்திருந்தார். அடுத்தது விழுந்தது.

‘‘ஆமாங்க, இது சாவு அடி இல்ல,’’ என்றார் நிமிர்ந்து. ‘‘எங்க தோட்டத்துல ஆளு செத்தாகூட இவ்வளவு மெதுவா அடிக்க மாட்டாங்க. பொணமே எந்திரிச்சு போயிரும்.’’

அந்த ஆல்பத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். இதற்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி ஒரு வரி அதில் இல்லை. பொறாமையாக இருந்தது.

ஆனால் அவர் வந்த வேலையை விடவில்லை. ‘‘பாட்டோ அடியோ, திரும்புன வண்டி திரும்புனதுதான் சார். ஒரே நாள்ல மறுபடி மேல ஏறக்கூடாது. வேற ஒரு நல்ல நாள் பாத்து சொல்லியனுப்புறோம்.’’ அந்த நல்ல நாள் எந்தக் காலண்டரிலும் வராது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். எனக்கு வந்ததெல்லாம் ஜோக்குகள். மூடிக்கொண்டேன்.

பேசியது மகள்.

‘‘சரிங்க மாமா, நீங்க ஏற வேணாம். நான்தான் எறங்கி வந்துட்டேனே. இந்தா கடை இருக்கு, ஒக்காந்து பாத்துட்டு போங்க. இல்லாட்டி பூனாகலையில போயி என்னான்னு சொல்லுவீங்க? பொண்ணு வீட்டுல பாட்டு போட்டாங்க, பயந்து ஓடி வந்துட்டோம்னா?’’

வேனுக்குள் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பையனின் அம்மா. கதவை இழுத்துத் திறந்து அவரே இறங்கினார்.

‘‘இந்த ரோட்டுல என் இடுப்பே போச்சு தம்பி,’’ என்றார் தன் தம்பியைப் பார்த்து. ‘‘மறுபடி ஒரு நாளைக்கெல்லாம் என்னால வர முடியாது. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு புள்ளையப் பாத்துட்டு போவோம். அவ வாயைப் பாத்தாச்சு, மிச்சத்தையும் பாப்போம்.’’ பிறகு கடைக்காரரிடம், ‘‘கதவைத் தொறங்க, யாரும் சாகல,’’ என்றார்.

கூட்டாளி ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய் மனைவியையும் வடையையும் ஏற்றி வந்தான். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் வடை வைத்தாள், எனக்கு மட்டும் வைக்கவில்லை. பிளாஸ்டிக் கதிரைகளில், பிஸ்கட் போத்தல்களுக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் நடுவே, என் மகளைப் பெண் பார்த்தார்கள். தாய்மாமன் வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து வடையைக் குறை சொல்லிச் சொல்லித் தின்றார். எழுந்திருக்கும்போது பையனின் அம்மா, கொண்டுவந்த பூவை மகளின் தலையில் வைத்தார். அதற்கு மேல் தாய்மாமன் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

வேனில் ஏறுவதற்கு முன் பையன் என்னிடம் தனியாக வந்தான். மரியாதையான பையன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று பாடுபடுவது முகத்தில் தெரிந்தது. மகள் இரண்டடி தள்ளி நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘‘பாட்டு நல்லா இருந்துச்சு மாமா,’’ என்றான். ‘‘கொஞ்சம் ஸ்பீடா அடிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.’’

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் முன்பின் தெரியாத மனிதர்களை இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு ஆளோடு வாரக்கணக்கில் சண்டை போட்டதில், அவர் அந்தத் தளத்தைவிட்டே ஓடியிருக்கிறார். மகளைப் பார்த்தேன். பூ இன்னும் சரியாக நிற்காமல் காதுப் பக்கம் சரிந்திருந்தது.

‘‘ஆமாங்க மாப்பிள்ளை,’’ என்றேன், பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு. ‘‘கொஞ்சம் ஸ்பீடா அடிச்சிருக்கலாம்.’’