வருஷம் திரும்பும் முன் ஒரு சஹானா

அப்பா போன பிறகு சஹானா ராகம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாதது மாதிரி. அப்பாவுக்கு உயிரான ராகம் அது.

ஒரு நாள் கழக்கூட்டம் என்கிற ஊரில், என் ஆபீஸ் கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் யாருடைய போனிலோ வீணை ஒலிக்க ஆரம்பித்தது. சஹானா. உள்ளங்கை வியர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்று நானே தீர்மானித்து, நானே ஆட்டோ பிடித்தேன். இன்சூரன்ஸ் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனைவிக்குப் போகிற வழியிலேயே செய்தி அனுப்பினேன். "எந்த அலமாரி என்று எனக்குத் தெரியும். என்ன ஆச்சு?" என்று பதில் வந்தது. பொறுப்பாகச் சாவதற்குக்கூட நம் வீட்டில் மரியாதை இல்லை.

ஈசிஜி பார்த்த மலையாளி டாக்டர் சிரித்தார். "ஹார்ட்டுக்கு ஒரு கொழப்பமும் இல்ல சாரே. எதையாவது கண்டு பயந்தோ?"

ராகத்துக்குப் பயந்தேன் என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? "எலி" என்றேன்.

அதற்குப் பிறகு பல இடங்களிலிருந்து ஓடியிருக்கிறேன். சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கும்போது ரேடியோவில் அது வந்ததும் பையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் அந்த ராகத்தைத் தொட்டதும் பாயசத்துக்கு முன்னாலேயே இலையிலிருந்து எழுந்தேன். அந்தப் பாயசம்தான் என்னை யோசிக்க வைத்தது. இப்படியே ஓடிக்கொண்டிருந்தால், அப்பாவை நினைக்க எனக்கு மிச்சம் இருக்கப்போவது சிராத்தமும் எள்ளும்தான். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வலியசாலைக் கோயில் உற்சவக் கச்சேரி வந்தது. பாடப்போகிறவர் சஹானாவை விஸ்தாரமாகப் பாடுவார் என்று தெருவின் வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார்கள். வேட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எதிர்வீட்டு மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எங்கடா கிளம்பியாச்சு?"

"கச்சேரிக்கு, மாமா."

"அப்பாவுக்கு வருஷம் திரும்பல்லே. அதுக்குள்ள கச்சேரி கேக்கப்படாது, கேட்டையா?"

"சந்தோஷத்துக்குப் போகல்லே மாமா. நடுங்கிண்டு போறேன். நடுங்கிண்டு கேட்டா தோஷம் உண்டோ?"

"ஒனக்கு எல்லாம் தமாஷாக்கும். அப்பா இருந்தா விடுவாரோ?"

"இருந்தா எனக்கு முன்னாடி போய் எடம் பிடிச்சிருப்பார்."

வீரமாகச் சொல்லிவிட்டேன். கோயிலில், தப்பி ஓட வசதியாக, கடைசித் தூண் ஓரமாக உட்கார்ந்தேன்.

சஹானா வந்தது. நெஞ்சும் உடனே பக்கவாத்தியமாகச் சேர்ந்துகொண்டது. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா சஹானா பாடுவது முகம் மழிக்கும்போது மட்டும்தான். சுருதியோடு அவருக்கு ஜன்மப் பகை. ராகம் காந்தார ஸ்வரத்தில் குழையும் இடத்துக்கு வரும்போது பிளேடு சரியாக மேல் உதட்டுக்கு வந்துவிடும். வாயை மூடியாக வேண்டும். ராகம் அங்கேயே நிற்கும். உதடு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து கிளம்பும். ஐம்பதை நெருங்கும் இந்த வயது வரை, எனக்குத் தெரிந்த சஹானாவில் அங்கே ஒரு ஓட்டை உண்டு.

மேடைப் பாடகர் அந்த இடத்துக்கு வந்தார். நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய்விட்டார்.

"நில்லுங்கோ!" என்றேன், வாய்விட்டு.

மண்டபமே திரும்பியது. மிருதங்கக்காரர் என்னைப் பார்த்து முறைத்தார். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். "எந்தா சாரே, சுகமில்லையோ? வெளியில போய்க் காத்து வாங்கறேளா?"

தப்பிப்பதற்கு இதைவிட மரியாதையான வழி எனக்குக் கிடைக்கப்போவதில்லை. எழுந்திருக்கக் காலும் தயார்.

"மாட்டேன்" என்றேன். "அங்க நிக்கணும். எங்காத்துல அங்க நிக்கும்."

அவர் ஒரு ஜாண் தள்ளி உட்கார்ந்துகொண்டார். கண்ணில் வழிந்ததை நான் துடைக்கவும் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். நெஞ்சு அடிக்கிறபடி அடிக்கட்டும். அதற்காக எழுந்து போகிற வேலையை விட்டாயிற்று.

பாடகர் சுற்றி வந்து மறுபடி அதே இடத்தைத் தொட்டார். இந்தத் தடவையும் நிற்காமல் போனார். போகட்டும் என்று விட்டேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அப்பா நிற்கிற இடத்தில் நான் நின்றேன். பிறகு, என் சௌகரியத்துக்கு, ராகத்தின் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டேன்.