மோட்டார் கொட்டகையின் இரண்டாவது பூட்டு

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. நம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் அறுபத்து மூன்று பேர் இருந்தோம். அந்த நிமிடம் அறுபத்திரண்டு ஆனோம். உப்பளத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில், அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னது முதலில் காதில் விழவில்லை. "செல்வி அக்கா போயிட்டாங்கடா. நெஞ்சு வலின்னாங்க, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்று இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் மோட்டாரை நிறுத்தினேன்.

மோட்டார் கொட்டகைக் கதவில் இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரான அக்காவிடம், இன்னொன்று செயலாளரான என்னிடம். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும், பாத்திகளுக்கு உப்புநீர் போகும். முன்பு ஒரு தலைவர் தன் சொந்தக்காரர்களுக்கே தண்ணீர் விட்ட பிறகு அக்கா சண்டை போட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அப்படியானால் அன்று அக்கா இல்லாமல் மோட்டார் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொல்லத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. பத்தாவது வரை படிப்பு. நம்மைப் போலவே பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர். அவர் தங்கை அமெரிக்காவில் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறாள். காலை டீ நேரத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு அவளை அக்கா கேள்வி கேட்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

"ஆட்சியில ஒரு பிரிவு மட்டும் ரொம்ப பலமாயிடாம எதுடி தடுக்குது?"

"அதிகாரத்தப் பிரிச்சி வெக்கிறதுக்கா. சட்டம் போடறது ஒருத்தர், நடத்துறது ஒருத்தர், தீர்ப்பு சொல்றது ஒருத்தர். ஒருத்தர ஒருத்தர் கட்டுப்படுத்தணும்."

அக்கா என் பக்கம் திரும்புவார். "கேட்டியா இன்ஜினியரு? அவ்ளோ பெரிய நாட்டுக்கு மூணு பூட்டு. நமக்கு ரெண்டுதான்."

"அங்க மோட்டார் போட எவனும் காத்துக்கிட்டு நிக்கலக்கா."

"அப்போ நீ அமெரிக்கா போயிடு. போறதுக்கு முன்னாடி சாவியக் குடுத்துட்டுப் போ."

எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் டிப்ளமோ எலக்ட்ரிகல். ஒரு சுவிட்ச் போட இரண்டு ஆள் என்பது எனக்கு மட்டமான டிசைன்.

போன கோடையில் தண்ணீர் முறையை மாற்றப் பார்த்தேன். தூரத்துப் பாத்திகளுக்கு முதலில் விட்டால் தினமும் ஒரு மணி நேர ஓட்டம் மிச்சம். அளந்து பார்த்துத்தான் சொன்னேன். அக்கா சம்மதிக்கவில்லை. "உன் கணக்கு சரியாதான் இருக்கும். உன்னை யாரு சரி பார்க்கிறது? கூட்டத்துல வெய்யி" என்றார். வைத்தேன். ஐம்பத்திரண்டு பேர் வந்தீர்கள். எனக்குப் பத்தொன்பது கை, எதிராக முப்பத்து மூன்று. அந்தப் பத்தொன்பதில் ஒன்று அக்காவுடையது.

வெளியே வந்து கத்தினேன். "நீங்களும் என் பக்கம்தானே? அப்புறம் எதுக்குக்கா கூட்டம்?"

"என் பக்கம் உன் பக்கம்னு நாம ரெண்டு பேரே முடிவு பண்ணிட்டா இவங்கள்லாம் எதுக்கு? தோத்துட்டோம்பா. நாளைக்கு அவங்க சொன்ன வரிசையில போடு. மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுப் போடாத."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டேன். அடுத்த மாதம் காய்ச்சல் என்று அவர் தன் சாவியை ஒரு நாள் என்னிடம் கொடுத்தார். அதைத் திண்டிவனம் கொண்டுபோய் இன்னொன்று வெட்டிக்கொண்டேன். வரிசையை ஒரு நாளும் மாற்றவில்லை, அது உண்மை. அவர் தாமதமாக வந்த காலைகளில் மட்டும் காத்திருக்கப் பொறுக்காமல் திறந்து ஓட்டிவிட்டு, அவர் வருமுன் நிறுத்திப் பூட்டிவைத்தேன். இது சமாதானம் ஆகாது என்பதும் தெரியும்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அக்கா கண்டுபிடித்துவிட்டார். "ஏம்பா, நான் பூட்டினப்போ இப்படி இல்லியே, என் பூட்டு முகம் திரும்பித் தொங்குதே?" என்றார். "நான் சொன்னா அது புகாராயிடும். அடுத்த கூட்டத்துல நீயே சொல்லிடு." அவ்வளவுதான். கள்ளச் சாவியைக் கேட்டு வாங்கக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் நின்றேன். 'இந்த அம்மா எப்பவும் இப்படித்தான்' என்று முனகிக்கொண்டே அதே சாவியைப் போட்டேன். அவர் வீட்டில் ஆட்டோவுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

காரியத்தன்று அக்காவின் வீட்டுக்காரர் அவருடைய சாவியை என் கையில் வைத்து, "நீயே வெச்சிக்கப்பா, இனிமே யாரு அலையறது" என்றார். சுற்றி நின்ற நீங்களும் தலையாட்டினீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை. எல்லாருக்கும் அலுப்பு, எனக்கும்தான். ஒரே ஆள் கைக்கு எல்லாம் போவது இப்படித்தான் போலிருக்கிறது. யாரும் பிடுங்குவதில்லை, நாமே களைத்துப்போய்க் கொடுத்துவிடுகிறோம்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது சாவி இல்லை. தோற்கப்போகிற பக்கம் அவர் தூக்கிய கையும், மறுநாள் காலை சிடுசிடுப்பில்லாமல் கதவைத் திறந்த அதே கையும். இனி செய்யப்போவது:

1. சனிக்கிழமைக் கூட்டத்தில் மூன்று சாவிகளையும் மேசைமேல் வைப்பேன்.

2. கள்ளச் சாவிக்கும் எனக்கும் என்ன செய்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அந்த நேரம் நான் வெளியே நிற்பேன்.

3. அக்காவின் சாவி யாருக்கு என்கிற ஓட்டில் நான் கை தூக்க மாட்டேன்.

4. அந்தத் தங்கைக்குத் தேர்வு இன்னும் முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி, டீ நேரத்தில் கேள்வி கேட்பேன்.

5. நீங்கள் என்னையே செயலாளராக வைத்தால், மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொட்டகை வாசலில் இருப்பேன். இன்னொரு சாவி வரும்வரை நிற்பேன்.